வெட்டுப்பட்ட கை முளைக்குமா, உதிர்ந்த ஓவியம் திரும்புமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்தது விலங்கியல், பார்க்கும் வேலை பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பது. அதனால் என்னிடம் வரும் கேள்விகளும் இரண்டு பக்கமிருந்தும் வருகின்றன. பல்லிக்கு வால் முளைக்கிறதே, நமக்கு ஏன் விரல் முளைக்கவில்லை என்று பாதிப் பேர். வீட்டில் இருக்கும் பழைய படம் மஞ்சளாகிவிட்டது, துடைத்தால் சரியாகுமா என்று மீதிப் பேர். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

ஒன்று உயிர், இன்னொன்று பொருள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பகுதி போய்விட்டது. அங்கே முன்பு என்ன இருந்தது என்பது இப்போது யாருக்குத் தெரியும்? இரண்டிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். சாலமாண்டருக்கு (பல்லி போல் இருக்கும், தவளைக்கு உறவான ஒரு விலங்கு) கை போனால், வெட்டுப்பட்ட இடத்தில் மிச்சமிருக்கும் செல்களுக்கே அது தெரியும். ஓவியத்தில் ஒரு முகம் உதிர்ந்தால் பக்கத்தில் இருக்கும் சாயத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் வரைந்தவர் ஒருவர்தான், அவர் போய்ச் சில நூறு வருஷங்கள் ஆகியிருக்கும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

சாலமாண்டருக்குக் கை எப்படி முளைக்கிறது?

இதை முதலில் முறையாக எழுதி வைத்தவர் இத்தாலிய இயற்கை அறிஞர் ஸ்பல்லன்சானி, 1768ல். இன்று ஆய்வகங்களில் அதிகம் பார்ப்பது மெக்சிகோ ஏரி நீரில் பிறந்த ஆக்சலோட்டல் என்னும் சாலமாண்டரை.

கை வெட்டுப்பட்டதும் ஒரு நாளைக்குள் தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மெல்லிசாக மூடிவிடும். நமக்கும் தோல் மூடத்தான் செய்கிறது, ஆனால் நமக்கு அடியில் தழும்புத் திசு குவிகிறது, அதற்குக் குவிவதில்லை. அதற்குப் பதிலாக அந்த மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கும் செல்கள் தங்கள் பழைய வேலையை ஓரளவு விட்டுவிட்டு, கருவில் இருந்த மாதிரி இளசாகி, ஒரு சின்ன மொட்டாகச் சேர்கின்றன. பிளாஸ்டிமா என்று இதற்குப் பெயர். நரம்பு வந்து சேராவிட்டால் மொட்டு வளராது. 2013ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள்: காயத்தைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோபேஜ் என்னும் வெள்ளணுக்களை ஆக்சலோட்டலின் உடம்பிலிருந்து நீக்கினார்கள். கை முளைக்கவில்லை, நமக்கு வருவது போலத் தழும்புதான் வந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. மணிக்கட்டில் வெட்டினால் கைப்பஞ்சா மட்டும் முளைக்கும், தோளில் வெட்டினால் முழுக்கையும் முளைக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது அந்தச் செல்களுக்குத் தாங்கள் தோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது தெரியும். அந்தத் தகவலைக் குழப்பவும் முடியும். 1982ல் மணிக்கட்டில் வெட்டிய ஆக்சலோட்டலை வைட்டமின் ஏ வகைச் சேர்மத்தில் வைத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டின் முனையிலிருந்து மேல்கை, முழங்கை, முன்கை, பஞ்சா என்று ஒரு முழுக்கையே முளைத்தது, ஏற்கெனவே ஒரு முன்கை அங்கே இருக்கும்போதே! 1992ல் ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி-ஹேஜ்மாடியின் குழு, வால் வெட்டிய தலைப்பிரட்டைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தது. வால் இருக்க வேண்டிய இடத்தில் கால்கள் வந்தன. வளரும் சக்தி மட்டும் இருந்தால் போதாது, எதை வளர்ப்பது என்கிற தகவலும் சரியாக இருக்க வேண்டும்.

பல்லி வாலும் இதே கதைதானா?

இல்லை. பல்லிக்கு முளைக்கும் வால் பார்க்க வால், உள்ளே வேறு. பழைய வாலில் எலும்புக் கண்ணிகள் கோத்திருக்கும், புதிய வாலில் ஒரே குருத்தெலும்புக் குழாய். வேலைக்கு ஆகும், ஆனால் அசல் இல்லை.

மனிதருக்கு எதுவுமே முளைக்காதா?

முளைக்கிறது, நாம் கவனிப்பதில்லை. கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டாலும் சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய எடைக்கு வந்துவிடும். தானம் கொடுப்பவரும் பெறுபவரும் இருவருமே வாழ முடிவது இதனால்தான். ஆனால் வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை, மிச்சமிருப்பது பெருத்துக்கொள்கிறது. அளவு திரும்புகிறது, வடிவம் திரும்புவதில்லை.

அப்புறம் குழந்தைகளின் விரல் நுனி. 1974ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சிந்தியா இல்லிங்வொர்த் என்ற மருத்துவர் எழுதினார்: கடைசி மூட்டுக்கு மேலே நுனி போன குழந்தைகளுக்கு, தைக்காமல் சுத்தமாகக் கட்டி மட்டும் விட்டால், நகமும் சதையும் ரேகையும் சேர்ந்து நுனி திரும்ப வருகிறது. நகத்தின் வேர் மிச்சமிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நகத்தடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் இங்கே வளர்ச்சிக்கு சமிக்ஞை கொடுக்கின்றன என்பது பிற்பாடு எலிகளில் தெரியவந்தது.

எனக்கு ஆறு வயதில் கதவிடுக்கில் மாட்டி வலது மோதிர விரலின் நுனி போனது. கட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்து விரல் இருந்தது, இன்று இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நகம் கொஞ்சம் வளைந்திருப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல், காகிதம் நறுக்கும்போது அறுவைக் கத்தி இடது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் ஆழமாக இறங்கியது. அங்கே வெள்ளையாக, பளபளவென்று, ரேகை இல்லாத ஒரு கோடு நிரந்தரமாக இருக்கிறது; குளிர் நாளில் கொஞ்சம் இழுக்கும். ஒரே உடம்பு, ஒரே ஆள், இரண்டு விதமான விடை. (இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தையின் காயத்தை வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். எலும்பு, தொற்று எல்லாம் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.)

நமக்கு ஏன் தழும்பு? உடம்பு செய்கிற தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். வெப்ப ரத்தம் ஓடும் உடம்பில் திறந்த காயம் என்றால் ரத்தப்போக்கு, கிருமி. ஆக்சலோட்டல் மாதிரி இரண்டு மாதம் தண்ணீரில் கிடந்து மொட்டு வளர்க்க நமக்கு நேரமில்லை. அதனால் உடம்பு கொலாஜன் என்னும் புரத நார்களை அவசரமாக ஒரே திசையில் அடுக்கி, இழுத்து மூடிவிடுகிறது. அந்த இடத்தில் வேர்வைச் சுரப்பியும் இல்லை, முடியும் இல்லை, ஆனால் உயிர் பிழைத்தாயிற்று.

பாலூட்டிகளுக்கு இந்தத் திறமை அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. கருவில் ஆரம்ப மாதங்களில் தோல் தழும்பில்லாமல் ஆறுகிறது. பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சின் இதயம், ஒரு துண்டை வெட்டினாலும் திரும்ப வளர்கிறது. ஒரு வாரம் ஆனதும் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. மானுக்குக் கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது, பெரிய இனங்களில் உச்ச வளர்ச்சிக் காலத்தில் ஒரு நாளைக்கு 2 செ.மீ. அளவுக்கு. கொம்பு என்பது எலும்பு, அதன்மேல் தோல், ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் வளர வேண்டும். நம்மைப் போன்ற ஒரு பாலூட்டி அதைச் செய்கிறது.

அப்படியானால் மனிதக் கையை எப்போது வளர்க்கப் போகிறார்கள்?

வருஷம் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். நடந்திருப்பதைச் சொல்கிறேன். 2022ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு, பின்னங்கால் வெட்டப்பட்ட வளர்ந்த தவளைகளுக்கு, காயத்தின்மேல் ஒரு சிலிகான் மூடியை மாட்டி, பட்டுப் புரதக் கூழில் ஐந்து மருந்துகளைக் கலந்து 24 மணி நேரம் மட்டும் வைத்தது. அதற்கப்புறம் 18 மாதம் கால் தானாக வளர்ந்தது: எலும்பு நீண்டது, நுனியில் விரல் போன்ற அமைப்புகள் வந்தன, தொட்டால் உணர்ந்தது, நீந்த உதவியது. முழுமையான கால் இல்லை, ஆனால் அந்த வயதுத் தவளைக்கு வழக்கமாக வருவது ஒரு மொட்டைக் குச்சிதான்.

மனிதரில் இதுவரை கைகூடியது எளிய உறுப்புகளில்: தட்டையான தோல், பை போன்ற சிறுநீர்ப்பை. நோயாளிகளின் சொந்தச் செல்களை அச்சில் வளர்த்து ஏழு பேருக்குச் சிறுநீர்ப்பையைச் சரிசெய்ததை 2006ல் ஆந்தனி அட்டாலாவின் குழு வெளியிட்டது. 2017ல் வெளிவந்த செய்தி இன்னும் பெரியது: தொட்டாலே தோல் உரியும் மரபணு நோயால் மேல்தோலின் பெரும்பகுதியை இழந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, அவன் செல்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, தாள் தாளாகத் தோல் வளர்த்து, உடம்பின் 80 சதவீதம் அளவுக்குப் போர்த்தினார்கள். பிழைத்துப் பள்ளிக்குப் போனான். ஜப்பானில் பல் முளைக்க வைக்கும் ஒரு மருந்தின் முதல்கட்ட மனிதச் சோதனை 2024ல் கியோட்டோவில் தொடங்கியது. கை இந்த வரிசையில் ரொம்பப் பின்னால் நிற்கிறது, ஏனென்றால் அதில் எலும்பு, தசைநாண், நரம்பு, நாளம் எல்லாம் சரியான இடத்தில் சரியான நீளத்தில் ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும்.

அடுத்தவர் கையைப் பொருத்துகிறார்களே, அது போதாதா?

சிலருக்கு அது வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் உடம்பு வேற்றுக் கையை எதிர்க்காமலிருக்க ஆயுள் முழுக்க மருந்து வேண்டும். 1998ல் பிரான்சின் லியோனில் கை பொருத்தப்பட்டவர் சில வருஷத்தில் அதை எடுத்துவிடச் சொன்னார். அந்தக் கை தன்னுடையதாக அவருக்குத் தோன்றவில்லை.

சரி, ஓவியத்துக்கு வருவோம். உதிர்ந்த இடத்தை அப்படியே வரைந்துவிட்டால் என்ன?

ஒரு கல்லின் கதை சொல்கிறேன். 1506ல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் லாவக்கோன் சிற்பத்தைத் தோண்டி எடுத்தார்கள்: பாம்புகள் சுற்றி நெரிக்கும் ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும். தகப்பனின் வலது கை இல்லை. கை எப்படி இருந்திருக்கும் என்று பெரிய கலைஞர்களுக்குள் விவாதம் நடந்தது. கடைசியில் மேலே வீராவேசமாக நீட்டிய ஒரு கையைச் செய்து மாட்டினார்கள். நானூறு வருஷம் உலகம் அந்த நீட்டிய கையைப் பார்த்தது, நகலெடுத்தது, அதைப் பற்றி எழுதியது. 1906ல் லுட்விக் பொல்லாக் என்ற தொல்லியலாளர் ரோமில் கல்வேலை நடக்கும் ஒரு முற்றத்தில் உடைந்த பளிங்குக் கை ஒன்றைக் கண்டார். முழங்கையில் மடங்கி, தலைக்குப் பின்னால் போகும் கை. அது லாவக்கோனுடையதுதான் என்று வத்திக்கான் அருங்காட்சியகம் 1950களில் உறுதி செய்தது. கையில் இருந்த துளையும் தோளில் இருந்த துளையும் நேராகப் பொருந்தின.

மடங்கிய கையோடு பார்த்தால் அவன் வீரன் இல்லை, வலியில் சுருங்கும் ஒரு மனிதன். முதலில் கை செய்து மாட்டியவர்கள் திறமையற்றவர்கள் இல்லை. அவர்களிடம் கையின் தகவல் இல்லை, அவ்வளவுதான். வால் இருந்த இடத்தில் கால் முளைத்த தலைப்பிரட்டை மாதிரிதான் இதுவும்.

அப்படியானால் ஓட்டையாகவே விட்டுவிடுவீர்களா?

அதுவும் இல்லை. ஓட்டை கண்ணைக் குத்தும், மிச்சமிருக்கும் படத்தையும் பார்க்கவிடாது. 1939ல் ரோமில் தொடங்கிய, கலைப்பொருள்களைப் பழுதுபார்க்கும் மத்திய மீட்பு நிறுவனத்தில் செசரே பிராந்தி இதற்கு ஒரு வழி கண்டார். உதிர்ந்த இடத்தில் நீர்வண்ணத்தால், மயிரிழை போன்ற செங்குத்துக் கோடுகளைப் பக்கம் பக்கமாகப் போடுவது. அதற்கு ட்ராட்டெஜ்ஜோ என்று பெயர். மூன்று நான்கு அடி தள்ளி நின்றால் கோடுகள் கலந்து வண்ணமாகத் தெரியும், படம் முழுசாக இருக்கும். கிட்டே போனால் இது பின்னால் வந்தவர் வேலை என்று யாருக்கும் தெரியும். தண்ணீர் தொட்ட பஞ்சு பட்டால் போய்விடும்.

1966 நவம்பர் 4ல் ஃப்ளோரன்ஸில் ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது, பழைய இத்தாலிய ஓவியர் சிமாபுவே வரைந்த பெரிய சிலுவை ஓவியம் ஏறக்குறைய 60 சதவீதச் சாயத்தை இழந்தது. அவ்வளவு போன பிறகு கிறிஸ்துவின் முகத்தின் பாதியை யார் ஊகிப்பது? யாரும் ஊகிக்கவில்லை. மிச்சமிருந்த வண்ணங்களின் சராசரியை எடுத்து, குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகளால் அந்த இடங்களை நிரப்பினார்கள். உருவம் எதையும் புதிதாகச் சொல்லவில்லை, காயம் மூடியிருக்கிறது. என் விரலில் இருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலுவை நினைவுக்கு வரும். நல்ல மீட்பு வேலை என்பது நல்ல தழும்பு மாதிரி இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்: பிரிந்ததைச் சேர்க்க வேண்டும், இங்கே காயம் பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

மஞ்சளாகிப்போன பழைய எண்ணெய் ஓவியத்தைச் சுத்தம் செய்வது எப்படி?

பெரும்பாலும் மஞ்சளாவது சாயம் இல்லை, மேலே பூசிய வார்னிஷ். மரப்பிசின் வார்னிஷ் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும். அஜந்தாவில் 1920 வாக்கில் சுவரோவியங்களைக் காப்பாற்ற வந்த இத்தாலிய நிபுணர்கள் மேலே அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அது கறுத்து, அதை எடுப்பதே அடுத்த தலைமுறையின் வேலையாகப் போனது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் திரும்ப எடுக்க முடியுமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

என் மேஜையில் இந்த வேலை இப்படி நடக்கும். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, பட்டாணி அளவுக்கு ஒரு உருண்டை. முதலில் ஓரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், நகக்கண் அளவு சோதனை. கரைப்பானில் தொட்டு, உறிஞ்சுதாளில் ஒற்றி, படத்தின்மேல் உருட்ட வேண்டும், தேய்க்கவே கூடாது. பஞ்சு தேநீர் நிறத்துக்கு வரும், அது வார்னிஷ். நீலமோ சிவப்போ துளி வந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும், அது படம். தூசிப்படலம் மட்டும் என்றால் உமிழ்நீரே போதும், நிஜமாகத்தான். அதில் இருக்கும் அமைலேஸ் என்னும் நொதி அழுக்கை இதமாகக் கரைக்கிறது, வாய்ச் சூடும் அளவானது. உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு முழு நாள் ஆகும்.

வீட்டில் நானே செய்யலாமா?

வேண்டாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டித் துண்டு என்று சொல்லித் தரும் வீடியோக்களை நம்பிச் செய்தால் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் படத்தில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். 2012ல் ஸ்பெயினின் போர்ஹா ஊரில் ஒரு தேவாலயச் சுவரிலிருந்த கிறிஸ்து முகத்தைப் பயிற்சியில்லாத ஒருவர் திருத்தி வரைய, அது உருத்தெரியாமல் போனதை உலகமே பார்த்தது. ஆசையோடு செய்த வேலை அது. உங்களால் முடிந்தது: வெயில் நேராகப் படாத சுவர், குளியலறைக்கும் அடுப்புக்கும் தள்ளி, சாயம் எங்கும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை என்றால் மட்டும் காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது. காகித ஓவியம், புகைப்படம் என்றால் வெளிச்சம் இன்னும் குறைவாக வேண்டும், அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வைப்பார்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், உருகிய பிளாஸ்டிக்கைக் காகிதத்திலிருந்து பிரிப்பது போல மனசு உடைக்கும் வேலை எனக்கு வேறெதுவும் இல்லை.

உயிருள்ள செல்களை ஓவியத்துக்குப் பயன்படுத்துவது உண்டா?

உண்டு! பீசாவின் காம்போசாந்தோ மண்டபம் 1944ல் குண்டு விழுந்து எரிந்த பிறகு, சுவரோவியங்களைத் துணியும் விலங்குப் பசையும் வைத்து உரித்தெடுத்தார்கள். பல வருஷம் கழித்து அந்தப் பசை கல்லாகிப்போய் எந்த ரசாயனத்துக்கும் மசியவில்லை. சூடோமோனஸ் ஸ்டட்ஸெரி என்ற பாக்டீரியாவைப் பஞ்சில் ஊறவைத்து மேலே பரப்பினார்கள். அது பசையைச் சில மணி நேரத்தில் தின்றது, சாயத்தைத் தொடவில்லை.

கணினியால் இழந்த பகுதியை ஊகிக்கலாமே?

செய்தால் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள் என்பேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் இரவுக் காவல் ஓவியத்தை 1715ல் சுவருக்குப் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன் ஒருவர் வரைந்து வைத்த சிறிய நகல் இருந்தது. அதைக் கொண்டு, ரெம்பிராண்டின் கைவாகைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, 2021ல் அந்த ஓரங்களை அச்சிட்டுப் பக்கத்தில் மாட்டினார்கள். சில மாதம் கழித்து எடுத்துவிட்டார்கள். தகவல் இருந்தது, அதனால் செய்தார்கள், படத்தைத் தொடவில்லை.

இதைவிட எனக்கு நெருக்கமானது ஹார்வர்டில் 2014ல் நடந்தது. அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ 1960களில் வரைந்த பெரிய ஓவியங்கள் வெயிலில் வெளிறிப்போயிருந்தன. தூரிகையே எடுக்காமல், இழந்த வண்ணத்தைக் கணக்கிட்டு, ப்ரொஜெக்டர் வெளிச்சமாக மேலே பாய்ச்சினார்கள். அந்தக் கண்காட்சியில் தினமும் மாலை 4 மணிக்கு விளக்கை அணைத்தார்கள். வெளிறிய உண்மை முகம் அப்போது தெரிந்தது.

விரல் துண்டானாலும் ஓவியத்திலிருந்து துண்டு விழுந்தாலும் முதலில் என்ன செய்வது?

இரண்டிலும் முதல் வேலை, துண்டைத் தேடி எடுப்பது.

விரல் என்றால் காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸில் நேராகப் படக்கூடாது, பட்டால் திசு உறைந்து செத்துவிடும். ஆளோடு துண்டையும் சேர்த்து மருத்துவமனைக்கு, உடனே.

ஓவியம் என்றால் படத்தை அப்படியே படுக்க வையுங்கள், முகம் மேலே பார்க்கட்டும். விழுந்த சில்லுகளை ஈரமில்லாத மெல்லிய தூரிகையால் ஒரு காகிதத்தில் ஏற்றி, சின்னப் பெட்டியில் போடுங்கள். ஃபெவிக்காலால் ஒட்டிப் பார்க்க வேண்டாம், பெருக்கித் தள்ளவும் வேண்டாம். கடுகளவு சில்லுக்கும் அதன் விளிம்பு வடிவம் உண்டு, அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த விளிம்பே காட்டிக்கொடுக்கும். பெட்டியின்மேல் தேதியும், படத்தின் எந்த மூலைக்குக் கீழே கிடந்தது என்பதும் எழுதி வையுங்கள்.